புன்னைக்காயலின் அண்டிறிக்கிப் பாதிரியார்

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். காபி ஆறுவதற்குள் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆஃப்செட் அச்சகம் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், போன வாரப் பதிவின் கீழே ஒரு கேள்வி போட்டிருந்தார். "ஐயா, தமிழில் முதல் புத்தகம் அச்சடித்தது தரங்கம்பாடி சீகன்பால்கு தானே?" பலருக்கும் அப்படித்தான் நினைவு. சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-ல். அதற்கு 128 ஆண்டுகளுக்கு முன்பே, 1578 அக்டோபர் 20-ஆம் தேதி, கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சாகி வெளிவந்துவிட்டது. மொத்தம் 16 பக்கம். பெயர் 'தம்பிரான் வணக்கம்'. இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறியது அதுதான் முதல் தடவை. அப்போது இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி ஆண்டுகொண்டிருந்தார். ஷேக்ஸ்பியருக்கு 14 வயது. சென்னைப்பட்டினம் என்ற ஊரே கிடையாது.

மாணவருக்கு இதை ஒரு வரியில் பதிலாகப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவரைப் பற்றி ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் பெயர் அன்ரிக்கே அன்ரிக்கஸ். என்றிக் என்றிக்கஸ் என்றும் எழுதுவார்கள். அந்தப் பழைய அச்சில் 'அண்டிறிக்கிப் பாதிரியார்' என்று இருக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு போர்த்துகீசியப் பெயரை முத்துக்குளித்துறைக்காரர்கள் வாயில் போட்டு மென்று, தங்கள் ஊர்ப் பெயராக்கிக் கொண்டது அந்த எழுத்துக்கூட்டலில் தெரிகிறது.

1520-ல் போர்த்துகல் நாட்டின் வீலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். யூத வம்சம். முன்னோர் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். அத்தகைய குடும்பத்தாரை அந்த நாட்டில் 'புதுக் கிறிஸ்தவர்' என்று தனியாகப் பெயர் சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார்கள். இவர் முதலில் பிரான்சிஸ்கன் துறவியர் சபையில் சேர்ந்தார். வம்சம் தெரிந்ததும் வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு கோயிம்ப்ராவில் படித்து, 1545-ல் இயேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே கோவாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1547-ல் முத்துக்குளித்துறை. அதற்குப் பிறகு ஏறத்தாழ 53 ஆண்டுகள், சாகும்வரை, மன்னாருக்கும் வேம்பாருக்கும் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கடற்கரைதான் அவருக்கு எல்லாம்.

அவர் வருவதற்குள் அந்தக் கரையில் நிறைய நடந்து முடிந்திருந்தது. முத்துக்குளிப்பு உரிமை யாருக்கு என்பதில் பரதவர்களுக்கும் கடலோர முஸ்லிம் வணிகர்களுக்கும் கடும் சண்டை. போர்த்துகீசியரின் கப்பற்படைப் பாதுகாப்பை நாடி, 1530களின் நடுவில் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். மதம் மாறிவிட்டார்கள், ஆனால் அந்த மதம் என்ன சொல்கிறது என்று அவர்கள் மொழியில் சொல்ல ஆள் இல்லை. 1542-ல் சவேரியார் வந்தார். சில செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாக்கி, மணி அடித்துக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிக் கொடுத்தார். அதில் ஒரு சங்கடம் வந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'வேணும்' என்று போட்டுவிட்டார்கள். சவேரியாரே 1544-ல் தன் உடன் ஊழியர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதி, 'எனக்கு வேணும்' என்பதற்குப் பதில் 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடச் சொல்கிறார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கரையே கூடி நின்று, கடவுள் எனக்கு வேணும், வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இறையியல்படி தவறுதான். ஆனால் எனக்கென்னவோ அது அவ்வளவு மோசமான செபமாகத் தோன்றவில்லை.

அண்டிறிக்கியார் வந்தபோது மற்றப் பாதிரிமார் போலவே அவரும் துபாஷிகளை நம்பித்தான் இருந்தார். தான் சொல்வது ஒன்று, துபாஷி சொல்வது வேறு என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தமிழ் கற்பது முடியாத காரியம் என்று முதலில் நம்பிக்கை இழந்தவர்தான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். லத்தீன் கற்ற பையன்கள் வேற்றுமை உருபுகளையும் வினைத்திரிபுகளையும் வாய்ப்பாடாக மனப்பாடம் செய்வார்கள் அல்லவா, அதே மாதிரித் தமிழுக்கு ஒரு வாய்ப்பாடு அவரே தயாரித்துக்கொண்டார். இறந்தகாலம் எப்படி, எதிர்காலம் எப்படி, தன்மைக்கு என்ன விகுதி, படர்க்கைக்கு என்ன விகுதி என்று கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்தினார். இரவும் பகலும் அதே வேலை. சில மாதங்களில் துபாஷியை விலக்கிவிட்டார். 1548-ல் ரோமில் இருந்த இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய கடிதத்தில் இந்தச் செய்தி இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. அந்தக் கரையில் இருந்த பாதிரிமார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதும் தமிழில்தான் பேசவேண்டும், மீறினால் தண்டனை என்று ஒரு ஏற்பாடு செய்தார். எங்கள் பகுதியில் ஒரு பள்ளியில் இடைவேளையில் பிள்ளைகள் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம் என்று ஒரு பெற்றோர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். (பள்ளியின் பெயர் வேண்டாம், கருத்துப் பகுதியிலும் கேட்காதீர்கள்.) 470 ஆண்டுகளுக்கு முன்பு புன்னைக்காயலில் தமிழில் பேசாவிட்டால்தான் தண்டனை என்று அவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, அவர் எழுதியவற்றுக்கு வருவோம். இந்த மனிதர் ஒரே மாதிரி எழுதியவர் அல்லர். இலக்கணம், செபப் புத்தகம், கேள்வி-பதில் நூல், ஒப்புரவு நூல், அடியார்கள் கதை, இவை தவிரக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள். அகராதி ஒன்றும் தொகுத்தார், அது கிடைக்கவில்லை. அத்தனையும் நிர்வாக வேலைக்கு நடுவே. 1549-ல் வேதாளையில் நடந்த மோதலில் அந்தோனியோ கிரிமினாலி என்ற பாதிரியார் கொல்லப்பட்டபின், கரை முழுவதற்கும் மேலாளர் பொறுப்பு அண்டிறிக்கியார் தலையில் விழுந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேல் சுமந்தார். நடுவில் சிறைப்பட்டு, பணயம் கட்டி மீட்கப்பட்ட அனுபவமும் உண்டு. புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையும் எழுப்பினார்.

இலக்கணத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு அதன்மேல்தான் கண். அது அச்சாகவில்லை. கையெழுத்துப் படியாகவே லிஸ்பன் தேசிய நூலகத்தில் நூற்றாண்டுகள் கிடந்தது. 1982-ல் ஹான்ஸ் ஃபெர்மீர் என்ற ஜெர்மானியர் அதைப் பதிப்பித்தார். பிறகு ஜீன் ஹைனும் நம்முடைய வி. எஸ். ராஜம் அம்மையாரும் சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கங்களுடன் செப்பனிட்டு, 2013-ல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் கொண்டுவந்தார்கள். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அதுதான்.

போர்த்துகீசிய மொழிக்கு ஜொவாவு டி பாரோஸ் 1540-ல் ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். அந்தச் சட்டத்தில்தான் அண்டிறிக்கியார் தமிழை உட்கார வைக்கப் பார்க்கிறார். பல இடங்களில் உட்காரவில்லை, பிதுங்குகிறது. அதனால் என்ன? நமக்கு முக்கியமானது வேறு. தொல்காப்பியமும் நன்னூலும் செந்தமிழுக்கு இலக்கணம் சொல்லும். கடற்கரையில் வலை இழுப்பவர் வினைமுற்றை எப்படி முடிக்கிறார் என்பது அவற்றின் கவலை அல்ல. அண்டிறிக்கியாருக்கோ அது மட்டும்தான் கவலை. அவருடைய இலக்கணம் பேச்சுத் தமிழின் இலக்கணம். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்திலும் எழுதிக் காட்டியிருப்பதால், 16-ஆம் நூற்றாண்டில் அந்தச் சொற்கள் காதில் எப்படி விழுந்தன என்பதற்கும் அது சாட்சி. நம் புலவர்கள் எழுதத் தகாதது என்று ஒதுக்கிய பேச்சை, கற்றே ஆகவேண்டிய அவசரத்தில் ஒரு அந்நியர் குறித்து வைத்துக்கொண்டார். நான் 34 ஆண்டு வகுப்பில் பிள்ளைகளின் பேச்சு வழக்கைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியவன். அந்த வேலை தேவையானதுதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்த வழக்குக்கும் ஒரு வரலாறு உண்டு, அதற்கு ஆவணம் வேண்டும் என்றால் இந்தக் கையெழுத்துப் படியிடம்தான் போகவேண்டும்.

இப்போது அச்சு. கோவாவுக்கு 1556-லேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. அபிசீனியாவுக்குப் போகவேண்டிய இயந்திரம், வழியில் கோவாவிலேயே தங்கிவிட்டது. அதற்கும் முன்னே, 1554-ல், லிஸ்பனில் ஒரு செபப் புத்தகம் தமிழிலும் போர்த்துகீசியத்திலும் அச்சானது. அதைத் தயாரித்தவர்கள் லிஸ்பனில் இருந்த இந்தியர் மூவர். வின்சென்டே, ஜோர்ஜ், தோமே என்று போர்த்துகீசியப் பெயர் தாங்கியவர்கள். ஆனால் அதில் தமிழ் முழுவதும் ரோமன் எழுத்தில். நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்களே, அந்த மாதிரி. (அந்த வகையில் அவர்கள் ஒரு தொன்மையான மரபைத்தான் பின்பற்றுகிறார்கள். திட்டாதீர்கள்.)

தமிழுக்குத் தமிழ் எழுத்தே வேண்டும் என்பதில் அண்டிறிக்கியார் உறுதியாக இருந்தார். ஜொவாவு கொன்சால்வஸ் என்ற இயேசு சபைச் சகோதரர், கைத்தொழில் தெரிந்தவர், கோவாவில் 1577-ல் தமிழ் எழுத்துகளை வெட்டி வார்த்தார். அவருக்கு உதவியவர் பெரோ லூயிஸ், கொல்லத்துப் பிராமணர், இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர். கொன்சால்வஸ் இறந்துபோக, 1578-ல் கொல்லத்தில் ஜொவாவு டி ஃபாரியா என்ற பாதிரியார் இன்னொரு தொகுதி எழுத்துகளைச் செய்தார். செலவுக்குப் பணம்? பரதவர்கள் கொடுத்தார்கள். 400 குருசாதோ. குருசாதோ என்பது அக்காலப் போர்த்துகீசிய நாணயம். முத்துக் குளித்தவன் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்தது. இந்த ஒரு செய்தி நம் பாடப்புத்தகங்களில் இருந்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். அச்சு என்றாலே வெள்ளைக்காரன் இலவசமாகக் கொடுத்த கொடை என்ற எண்ணம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அந்த 16 பக்கத்தில் உள்ள எழுத்துகள் அன்றைய ஓலைச்சுவடியை அப்படியே பின்பற்றியவை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒரே உருவம். ஆகவே ஒற்றைக்கொம்பு, பகரம், கால் என்று மூன்று வடிவம் சேர்ந்து நின்றால் அது பொ-வா, போ-வா, பெர-வா, பேர்-ஆ என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்யவேண்டும். ஓலை படித்துப் பழகியவர்களுக்கு இது சிரமமாக இருந்திருக்காது. இந்தச் சிக்கலைப் பிரித்துச் சீராக்கியதில் வீரமாமுனிவருக்கு இருந்த பங்கு எல்லோருக்கும் தெரியும். அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

தலைப்பைக் கவனியுங்கள். 'தம்பிரான்'. சைவ மடங்களில் இன்றும் துறவியரைக் குறிக்கும் சொல். சுந்தரர் வரலாற்றில் சிவபெருமானே தம்பிரான் தோழர் என்ற பட்டத்துக்குக் காரணமானவர். கடவுளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று வந்தபோது அந்தக் கரையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டது இந்தச் சொல்லை. அதே புத்தக மரபில் பரிசுத்த ஆவிக்கு 'இஸ்பிரித்து சாந்து' என்று அப்படியே போர்த்துகீசியம். சிலுவைக்கு 'குருசு'. எதைத் தமிழில் சொல்லலாம், எதைச் சொன்னால் பழைய பொருள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற தயக்கம் வரிக்கு வரி தெரியும். பின்னால் தத்துவ போதகர் 'சருவேசுரன்' என்றார். வேப்பேரியில் இருந்த ஃபாப்ரிசியஸ் ஐயர் 'பராபரன்' என்றார். அப்புறம் தேவன், கர்த்தர், ஆண்டவர், கடவுள். இந்தச் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே 400 ஆண்டு மொழிபெயர்ப்பு வரலாறு கிடைத்துவிடும். முதல் கண்ணி தம்பிரான்.

அடுத்த ஆண்டே, 1579 நவம்பர் 14-ல், கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. போர்த்துகலில் மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் சிறுவர்களுக்காக எழுதிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம் இது. முதல் புத்தகத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஆசிரியரும் மாணவரும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்ளும் அமைப்பு. இந்த இரண்டு நூல்களிலும் அண்டிறிக்கியாருடன் மானுவேல் டி சான் பெத்ரோ என்ற இன்னொரு பாதிரியார் பெயரும் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அவரை மறந்தே போனார்கள். நானும் தலைப்பில் ஒருவர் பெயரைத்தானே போட்டிருக்கிறேன்!

1580-ல் 'கொம்பெசியொனாயரு'. பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவர் தன் மனத்தைத் தானே சோதித்துக்கொள்ள உதவும் நூல். முந்தைய இரண்டும் திருப்பிச் சொல்வதற்கான புத்தகங்கள். இது வாசகரைப் பார்த்துக் கேள்வி கேட்கும் புத்தகம். நீ என்ன செய்தாய், யாருக்குச் செய்தாய், மனதறிந்து செய்தாயா? தமிழ் உரைநடையில் 'நீ' என்று ஒரு தனி மனிதரை அழைத்து, அவர் அந்தரங்கத்தைப் பற்றி அச்சில் பேசிய முதல் புத்தகம் என்று இதைச் சொல்லலாம். இதில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. குடும்பத்துக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் சபையின் கேள்வி நுழைவதற்கான கருவியும் இதுதான். முத்து வருமானத்தில் பங்கு வாங்கும் ஓர் அரசின் பாதுகாப்பில் நடந்த சமயப் பணி அது. அண்டிறிக்கியாரை எவ்வளவு மதித்தாலும் இதைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறு ஆகாது.

கடைசியாக வந்தது பெரிது. 'ஃபிளோஸ் சாங்க்தோரும்', 1586. லத்தீனில் 'புனிதர்களின் மலர்' என்று பொருள். 600 பக்கங்களைத் தாண்டும். ஆண்டுத் திருநாள் வரிசையில் புனிதர்களின் வாழ்க்கைக் கதைகள். ஐரோப்பாவில் அந்தப் பெயரில் வழங்கிய கதைத் தொகுப்புகளிலிருந்து எடுத்து, இந்தக் கரைக்கு ஏற்றபடி அமைத்தது. எழுதி முடிக்கும்போது அவருக்கு வயது 66.

இதை ஏன் பெரிது என்கிறேன் என்றால், நம் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராம் போனால் அடுத்தது திருநின்றவூர். பூசலார் நாயனார் ஊர். கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தவர். இந்தப் பக்கம் பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். காஞ்சி வரதருக்கு விசிறி வீசிக்கொண்டே அவரோடு பேசியவர். அடியார் கதை கேட்பது நமக்குப் பாலோடு வந்த பழக்கம். பூசலார் கதையைச் சேக்கிழார் விருத்தத்தில் பாடினார். நம்பிகள் கதையை வைணவர்கள் குருபரம்பரையில் மணிப்பிரவாள உரைநடையில் எழுதினார்கள். இரண்டையும் புரிந்துகொள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவேண்டும். அண்டிறிக்கியாரின் கேட்போருக்கும் அடியார் கதைப் பசி இருந்தது, புலமை இல்லை, விளக்க ஆளும் போதாது. கதையை ஒருவர் உரக்க வாசித்தால் கூட்டம் நேரடியாகப் புரிந்துகொள்ளவேண்டும். அதற்கு அவர் கையாண்டது பேச்சுக்கு மிக நெருங்கிய உரைநடை. செய்யுளுக்கு உரையாகவோ கல்வெட்டு வாசகமாகவோ இல்லாமல், கதை சொல்வதற்காகவே 600 பக்கத் தமிழ் உரைநடை அச்சில். 1586-ல்.

நான் படித்த காலத்திலும், நான் பாடம் நடத்திய காலத்திலும், உரைநடை வளர்ச்சி என்ற பாடம் இறையனார் களவியல் உரையில் தொடங்கி, உரையாசிரியர்களைத் தொட்டு, ஒரே தாவலில் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதைக்கு வந்துவிடும். நடுவில் இருக்கும் இந்தப் புத்தகத்துக்கு ஒரு வரி கிடைத்தால் அதிசயம். நடை கொச்சை, அயற்சொல் மிகுதி என்று ஒரு காரணம் சொல்வார்கள். கொச்சைதான். அயற்சொல் மிகுதிதான். ஜன்னலும் சாவியும் மேசையும் அலமாரியும் ஏலமும் மேஸ்திரியும் எந்த மொழியிலிருந்து வந்தவை? அவை இல்லாமல் நம்மால் ஒரு வீடு கட்டமுடியுமா?

இன்னொரு ஒப்பீடு சொல்லிவிடுகிறேன். 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சான அதே 1579-ல் தாமஸ் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேயர் கோவாவில் வந்து இறங்கினார். எலிசபெத் அரசியின் நாட்டில் கத்தோலிக்கக் குருவாக இருக்கமுடியாமல் வெளியேறியவர். இவரும் இயேசு சபைதான். மராட்டியில் ஓவி யாப்பில் 'கிறிஸ்து புராணம்' பாடினார், கொங்கணிக்கு இலக்கணம் எழுதினார். அற்புதமான கவி என்று மராட்டியர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தப் புராணம் 1616-ல் ரோமன் எழுத்தில்தான் அச்சானது. நாட்டு எழுத்தில் அச்சிட ஆசைப்பட்டும் நடக்கவில்லை. தமிழுக்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. கவித்துவத்தில் ஸ்டீபன்ஸ் பக்கத்தில் அண்டிறிக்கியாரை வைக்கமுடியாது. ஒரு மொழிக்கு எழுத்து வார்த்துக் கொடுத்த பிடிவாதத்தில் ஸ்டீபன்ஸ் இவருக்குப் பின்னால்தான்.

1586-க்குப் பிறகு அந்தத் தமிழ் எழுத்துகள் ஓய்ந்துவிட்டன. 1679-ல் அம்பலக்காட்டில் புரோயன்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி வந்தது. 1713-ல் தரங்கம்பாடி அச்சகம். நம் சென்னைக்கு அச்சு வந்தது 1761-ல், பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியில் கைப்பற்றியதை வேப்பேரியில் கொண்டுவந்து வைத்தபோது. கொல்லத்திலிருந்து வேப்பேரிக்கு வர 183 ஆண்டு!

புத்தகங்கள் எங்கே போயின? இதுதான் வலிக்கிற இடம். 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவில் ஹார்வர்டில் இருக்கிறது. 'கொம்பெசியொனாயரு' ஆக்ஸ்போர்டில். அடியார் கதைகள் வத்திக்கானில் ஒன்று, கோபன்ஹேகனில் ஒன்று. அச்சுக்குப் பணம் கொடுத்த கரையில் அந்தப் பழைய படிகளில் ஒன்றும் இல்லை. 1950களில் தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் அலைந்து தேடி எழுதிய பிறகுதான் தமிழுலகம் இவற்றைத் திரும்பிப் பார்த்தது. அவருக்குப் பின் இயேசு சபைப் பாதிரியார் ச. இராசமாணிக்கம், முதல் இரண்டு புத்தகங்களையும் 1963-ல் தூத்துக்குடியிலிருந்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். பெரிய புத்தகத்தை 1967-ல் 'அடியார் வரலாறு' என்ற பெயரில் வெளியிட்டார். மறுபதிப்பாவது பரதவர் ஊரிலேயே நடந்தது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

விட்டுப்போன ஒன்று. 1593-ல் ரோமில் கூடிய இயேசு சபையின் பொதுச்சங்கம், யூத வம்சத்தவரையும் முஸ்லிம் வம்சத்தவரையும் இனி சபையில் சேர்க்கக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டது. அண்டிறிக்கியாருக்கு அப்போது 73 வயது. 46 ஆண்டு அதே சபைக்காகக் கடற்கரையில் கிடந்தவர். பிரான்சிஸ்கன் சபை தன்னை எந்தக் காரணத்துக்காக வெளியே அனுப்பியதோ, அதே காரணத்தைத் தான் நம்பி வந்த சபையும் சட்டமாக்கியதை அவர் உயிரோடு இருக்கும்போதே பார்க்க நேர்ந்தது. அவருக்குத் தமிழ் எழுத்து செய்ய உதவிய பெரோ லூயிஸ் கதையும் இதற்குத் தூரமில்லை. அவருக்குப் பின் நெடுங்காலம் இந்தியர் எவரையும் அந்தச் சபை சேர்த்துக்கொள்ளவில்லை.

1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ப் பனிமய மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

தூத்துக்குடி, புன்னைக்காயல், வேம்பார்ப் பக்கத்து நண்பர்கள் இந்தப் பதிவைப் படித்தால், உங்கள் ஊரில் வயதானவர்கள் வாயில் 'குருசு', 'தம்பிரான்' போன்ற பழைய சொற்கள் இன்னும் வழங்குகின்றனவா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தொகுத்து வைக்கிறேன். அடுத்த ஞாயிறு, வேப்பேரி ஃபாப்ரிசியஸ் ஐயரும் அவர் பட்ட கடனும்.